சீட்டுக்காக அலைந்த மூன்று மாதம்

இதை எழுத இத்தனை நாள் ஆனதற்கு ஒரே காரணம் வெட்கம்தான். தேர்தலில் தோற்ற வெட்கம் இல்லை. தேர்தலுக்கு முன்னால் மூன்று மாதம் நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் வருகிற வெட்கம். 2022-ல் தஞ்சாவூர் மாவட்டத்தில் எங்கள் பேரூராட்சியில் வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்றேன், தோற்றேன். வேட்புமனு கொடுத்த நாளிலிருந்து ஓட்டு எண்ணிய நாள் வரை எனக்கு ஆன செலவு 14,600 ரூபாய். அதற்கு முன்னால், கட்சியில் சீட்டு கேட்டு அலைந்ததில் போனது 1,72,000 ரூபாய். இந்த இரண்டு தொகையையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியிருந்தால் ஆறு பவுன் நகை வங்கிக்குப் போயிருக்காது. யாரும் காட்டவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அப்பாவைச் சொல்லாமல் என் கதையைச் சொல்ல முடியாது. அப்பா தையற்காரர். 1969 பிப்ரவரியில் அண்ணா இறந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. வீட்டில் சொல்லாமல் லாரியில் ஏறிச் சென்னைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து தாத்தாவிடம் அடி வாங்கியவர். அன்றைக்குப் பிடித்த கட்சிப் பித்து கடைசி வரை விடவில்லை. கட்சி எது என்று நான் சொல்லப்போவதில்லை. கறை வேட்டி கட்டுகிற எந்த வீட்டிலும் இந்தக் கதைதான் நடந்திருக்கும். மாநாடு, பொதுக்கூட்டம், தலைவர் பிறந்தநாள் எது வந்தாலும் கொடி தைப்பது எங்கள் கடையில்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தையல் மிஷினைச் சுற்றிலும் கொடித்துணி மலையாகக் கிடக்கும். ஓரம் மடித்து ஊசி குத்திக் கொடுப்பது என் வேலை. அதில் பாதிக் கொடிக்குத் துணிக்காசுகூட வராது. "கட்சிக்குத் தைச்சதுக்குக் கூலி கேப்பாங்களா?" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா பதில் சொல்லாமல் அரிசி டப்பாவைத் திறந்து காட்டுவாள்.

1996-ல் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது கட்சி அப்பாவுக்கு வார்டு கொடுத்தது. ஜெயித்தார். அந்த ஐந்து வருடம்தான் அவர் வாழ்நாளில் வகித்த ஒரே பதவி. எங்கள் தெருவில் கழிவுநீர் வாய்க்கால் கட்டியது, குடிநீர்க் குழாயை மேட்டுத்தெரு வரை இழுத்தது எல்லாம் அப்போதுதான். 2001-ல் 23 ஓட்டில் தோற்றார். 2006-ல் வார்டு கூட்டணிக் கட்சிக்குப் போனது. முகம் சுளிக்காமல் அந்த வேட்பாளருக்கு வீடு வீடாக ஓட்டுக் கேட்டார். 2011-ல் மறுபடி நின்று மூன்றாவது இடத்துக்குப் போனார். நாற்பது வருடக் கட்சி வாழ்க்கையில் கையில் மிஞ்சியது ஒரு பீரோ நிறையச் சால்வைகளும் ஒரு நீளமான கணக்கு நோட்டும்.

2016-ல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று சட்டம் வந்து எங்கள் வார்டு பெண்கள் வார்டானது. அப்பா ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் என்னைக் கூப்பிட்டு, "நீ நில்லும்மா" என்றார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கடையில் ரவிக்கை தைத்துக்கொண்டு, பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வந்துகொண்டு இருந்தேன். அரசியலில் ஆசை இருந்ததா என்றால், அப்பாவின் முகத்தைப் பார்த்தபின் இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை. அந்தத் தடவை கட்சி சீட்டும் கொடுத்துவிட்டது. செப்டம்பர் கடைசியில் மனுத்தாக்கல் செய்தோம். சுவரெழுத்து, நோட்டீஸ், நாற்பது பேருக்குச் சாப்பாடு என்று 41,000 ரூபாய் கரைந்தது. அக்டோபர் 4-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பையே ரத்து செய்தது. பழங்குடியினர் இடஒதுக்கீட்டைச் சரியாகச் செய்யவில்லை என்ற வழக்கில் வந்த தீர்ப்பு. தீர்ப்பில் தப்பு சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்த 41,000 வட்டிக்கு வாங்கியது. அடுத்த தேர்தல் சீக்கிரம் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் நகரங்களில் கவுன்சிலரே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வாகத்தில்தான் போனது. இடையில் 2020 ஜனவரியில் அப்பா போய்விட்டார். அவர் மேல் போர்த்திய கொடி அவர் தைத்ததுதான். ஓர மடிப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

இங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். 2021 நவம்பரில் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், 2016-ல் எனக்குக் கொடுத்த சீட்டு இன்னும் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவின் உழைப்பு கட்சிக்குத் தெரியும், சாவு வீட்டில் அத்தனை பேர் கையைப் பிடித்துச் சொன்னார்களே என்று நம்பினேன். சாவு வீட்டில் சொல்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு பணத்தை இறக்காதீர்கள். சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் மனசாரத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் யார் எந்த வார்டில் நிற்பது என்பது அவர்கள் கையில் இல்லை.

பணம் எப்படிப் போனது என்று வரி வரியாகச் சொல்கிறேன். எவ்வளவு செலவாகும் என்று யாரைக் கேட்டாலும் "பார்த்துக்கலாம்மா" என்றுதான் பதில் வரும். மாவட்டத் தலைநகருக்கு ஏழு தடவை கார் வைத்துப் போனோம். ஒரு தடவைக்கு 2,800. பஸ்ஸில் போனால் மதிக்கமாட்டார்கள் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அது 19,600. ஒரு நிர்வாகியின் பிறந்தநாளுக்கு "நலத்திட்ட உதவி" என்று நூறு சேலை, 22,000. பேனர், சுவரொட்டி 18,000. கூட வந்த பையன்களுக்குச் சாப்பாடு, டீ, பெட்ரோல் 24,000. விருப்ப மனுக் கட்டணம், சால்வை, மாலை, சில்லறைச் செலவு எல்லாம் சேர்ந்து 13,400. இதுவரைக்குமாவது எதற்குப் போனது என்று சொல்ல முடிகிறது. மீதி 75,000 ரூபாயைப் பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் ஒருவர் கையில் கொடுத்தேன். "மேலே பேசி முடிச்சாச்சு. இதைக் கொடுத்துட்டா உங்க பேரு லிஸ்ட்ல வந்துரும்" என்றார். ரசீது இல்லை, சாட்சி இல்லை. அவர் வண்டியில் ஏறும்போது, "அப்பா இருந்திருந்தா இந்த அளவுக்கே வந்திருக்காதும்மா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பணம் யாருக்குப் போனது, யாருக்காவது போனதா என்பதே எனக்குத் தெரியாது. சீட்டுக்காகப் பணம் கொடுத்தது தப்பு. அதைக் கொடுத்தவள் நான். கேட்டவர் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன்.

அந்த நேரத்தில் என் மனசு இருந்த நிலையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவை பணம் கொடுக்கும்போதும், இதுவரை போட்டது வீணாகிவிடக்கூடாதே என்ற பயம்தான் அடுத்த பணத்தைக் கொடுக்க வைத்தது. வீட்டுக்காரர் மினி லோடு வண்டி ஓட்டுகிறார். நியாயமான மனிதர். "இத்தோட நிறுத்திக்குவோம்" என்று இரண்டு தடவை சொன்னார். "எங்கப்பா பேரு உங்களுக்கு விளையாட்டாப் போச்சா?" என்று கத்தினேன். அதற்கப்புறம் அவர் எதுவும் சொல்லவில்லை. நான்கு பவுன் செயினையும் இரண்டு வளையலையும் அடகு வைத்து ஒன்றரை லட்சம் எடுத்தேன். நீங்கள் இதில் இறங்குவதாக இருந்தால், மனுத்தாக்கலுக்கு முந்தைய செலவுக்கு ஒரு தொகையும் ஒரு தேதியும் முதலிலேயே வீட்டில் உட்கார்ந்து பேசி எழுதி, நோட்டை உங்களைத் தவிர வேறொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டுகிற நாளில் அவர் உங்களைத் தடுக்கவேண்டும், நீங்களும் அவரைத் திட்டக்கூடாது.

ஜனவரி 28-ம் தேதி மனுத்தாக்கல் தொடங்கியது, பிப்ரவரி 4 கடைசி நாள். பட்டியல் வந்தபோது எங்கள் வார்டு கூட்டணிக்கு என்று இருந்தது. 2006-ல் அப்பாவுக்கு நடந்த அதேதான். தொலைபேசியில் எவரும் கிடைக்கவில்லை. பணம் வாங்கியவரின் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அன்று இரவு கடையில் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அப்பாவாக இருந்தால் காலையில் எழுந்து கூட்டணி வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்கப் போயிருப்பார். என்னால் முடியவில்லை. சுயேச்சையாக நிற்பது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஆனால் அதற்கப்புறம் நான் செய்த வேலைகள்தான் உண்மையான தேர்தல் வேலை. அதில் கற்றதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

பேரூராட்சி வார்டுக்கு டெபாசிட் 1,000 ரூபாய், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு அதில் பாதி. பேரூராட்சிக்கு வரி பாக்கி இருக்கக்கூடாது. எங்கள் வீட்டு வரி இன்னமும் அப்பா பெயரில் இருந்தது, குடிநீர்க் கட்டணம் இரண்டு வருடம் நிலுவை. அதைக் கட்டி ரசீது வாங்கவே ஒரு பகல் போனது. கவுண்டரில் எனக்கு முன்னால் நின்ற எல்லோரும் வேட்பாளர்கள்தான். சொத்து, கடன், வழக்கு விவரம் எழுதித் தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் நகைக்கடனையும் எழுதினேன். முன்மொழிகிறவர் அதே வார்டில் ஓட்டு உள்ளவராக இருக்கவேண்டும். எனக்கு முன்மொழிந்தவர் அப்பாவின் நண்பர், எங்கள் வீட்டுக்குப் பின்தெரு. சின்ன வயதிலிருந்து அந்தத் தெரு எங்கள் வார்டுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுவரையறையில் அது பக்கத்து வார்டுக்குப் போயிருந்தது. நல்லவேளையாக, கடைசி நாள் மதியம் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு ஊழியர் வாக்காளர் பட்டியலைப் புரட்டிப் பார்த்து, "அம்மா, இவர் பேரு இதுல இல்லையே" என்றார். ஓட்டமாக ஓடிப்போய் எதிர்வீட்டு அக்காவைச் சமையலை நிறுத்திவிட்டு வரச்சொல்லி இரண்டாவது மனுவைக் கொடுத்தோம். அந்த அக்கா மட்டும் வீட்டில் இல்லாதிருந்தால் மறுநாள் பரிசீலனையில் என் மனு தள்ளுபடிதான். கடைசி நாள் வரை காத்திருக்காமல், வேறு வேறு முன்மொழிபவர்களை வைத்து இரண்டு மனுவாகக் கொடுத்துவிடுங்கள். தெரு எந்த வார்டு என்பதை நினைவை நம்பிச் சொல்லாமல் பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மனுவைத் திரும்பப் பெற பிப்ரவரி 7 கடைசி நாள். அன்றைக்கு மாலைதான் சுயேச்சைகளுக்குச் சின்னம் கிடைத்தது. பிரச்சாரம் 17-ம் தேதி மாலையோடு முடிந்துவிடும், 19-ம் தேதி வாக்குப்பதிவு. ஆக, ஊர் ஐம்பது வருடமாகப் பார்த்துப் பழகிய சின்னங்களுக்கு எதிராக, இதுவரை எவரும் பார்க்காத ஒரு சின்னத்தைப் பத்து நாளில் மனசில் பதிய வைக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலான சுயேச்சைகள் யோசிப்பதே இல்லை. நான் நோட்டீஸ் அடித்தபோது சின்னத்தை உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாகப் போட்டு, என் பெயரைச் சின்னதாகப் போட்டேன். என்னைத்தான் எல்லோருக்கும் தெரியுமே. வயதானவர்களிடம் மிஷினில் எத்தனையாவது பொத்தான் என்று விரல் விட்டுக் காட்டினேன்.

பன்னிரண்டாம் தேதி காலை பேப்பரில் என் பெயர் வந்தது. கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதால் "அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும்" நீக்கப்படுகிறார் என்று ஒரு நீண்ட பட்டியல். அதில் நான் பதினேழாவதோ பதினெட்டாவதோ. என் பெயருக்கு முன்னால் இருந்த தலைப்பெழுத்து அப்பாவுடையது. அதைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று மதியம் வரை நான் ஓட்டுக் கேட்கப் போகவில்லை. சாயங்காலம் அம்மாதான், "அவரு பொறுப்பை நீக்க அவரு இல்லவே இல்லையே. எழுந்திரு" என்றாள்.

வீடு வீடாகப் போனதில் ஒன்று புரிந்தது. ஜனங்கள் என் கட்சி எது, நீக்கினார்களா என்பதைப் பற்றிக் கேட்கவில்லை. மேட்டுத்தெருவில் ஒரு பாட்டி குழாயடிக்குக் கூட்டிப்போய், "இது உங்கப்பன் போட்டது. இப்ப ஒரு மணி நேரம்தான் தண்ணி வருது, நீ வந்தா என்ன பண்ணுவே?" என்றாள். நேரான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. மூன்று மாதம் மாவட்ட அலுவலக வாசலில் நின்றதற்குப் பதிலாக மூன்று நாள் பேரூராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தத் தொட்டியின் கொள்ளளவு என்ன, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்டிருந்தால் அந்தப் பாட்டிக்குப் பதில் சொல்லியிருப்பேன். அப்பாவிடம் அந்தக் கணக்கெல்லாம் விரல் நுனியில் இருந்தது. அவர் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது சீட்டு கேட்கிற பாதியை மட்டும்தான்.

வாக்குப்பதிவு அன்று என் முகவராக இருந்த தம்பி பட்டியலில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். நான் உள்ளே போனபோது அவன் ஒரு பக்கத்தைச் சட்டென்று புரட்டி மறைத்தான். திரும்பப் புரட்டச் சொன்னேன். அப்பாவின் பெயர் படத்தோடு அப்படியே இருந்தது, வயது அறுபத்தி ஆறு என்று போட்டு. இறந்து இரண்டு வருடம் ஆகியும் நாங்கள் யாரும் பெயர் நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கவில்லை. சட்டமன்ற வாக்காளர் பட்டியலை வைத்துத்தான் உள்ளாட்சிப் பட்டியலைத் தயாரிக்கிறார்கள். அதில் இருந்தால் இதிலும் இருக்கும்.

22-ம் தேதி எண்ணினார்கள். செல்லுபடியான ஓட்டு 912. எனக்கு 143. ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். அதற்கு 153 வேண்டும், பத்து ஓட்டுக் குறைவு. போனது ஆயிரம் ரூபாய்தான். ஆனால் "டெபாசிட் போச்சு" என்ற இரண்டு வார்த்தை ஊர் முழுக்கச் சுற்றி வந்தது. பையன் பள்ளிக்கூடத்திலிருந்து அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் அர்த்தம் கேட்டான். கட்டிலில் படுத்தவள் மூன்று நாள் கடை திறக்கவில்லை.

தோற்றதோடு முடிந்தது என்று நினைத்ததுதான் கடைசித் தப்பு. முடிவு வந்து முப்பது நாளுக்குள் தேர்தல் செலவுக் கணக்கைக் கொடுக்கவேண்டும், ஜெயித்தவர், தோற்றவர், டெபாசிட் இழந்தவர் எல்லோரும். கொடுக்காவிட்டால் மூன்று வருடத்துக்குப் போட்டியிட முடியாதபடி தகுதிநீக்கம் செய்யலாம். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. மனுவோடு கொடுத்த காகிதக் கட்டில் இருந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்த பிறகு அலறியடித்துக்கொண்டு நோட்டீஸ் அடித்த ரசீது, ஆட்டோ, மைக் வாடகை எல்லாவற்றையும் தேடி எடுத்து, தாமதத்துக்குக் காரணமும் எழுதிக் கொடுத்தேன். பேரூராட்சி வார்டுக்கு உச்சவரம்பு 17,000. என் கணக்கு 14,600. அந்தப் படிவத்தை நிரப்பும்போதுதான் மற்ற 1,72,000-ஐயும் முதன்முதலாகக் கூட்டிப் பார்த்தேன். அதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

2023 ஜூலையிலிருந்து பேரூராட்சி உறுப்பினர்களுக்கு மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம் என்று அரசு கொண்டுவந்தது. ஐந்து வருடம் முழுக்க வாங்கினாலும் ஒன்றரை லட்சம். ஜெயித்திருந்தால்கூட நான் சீட்டுக்குச் செலவழித்தது நேர்வழியில் திரும்பி வந்திருக்காது. பிறகு எந்த வழியில் எடுப்பது என்ற கேள்வி எனக்கும் வந்திருக்கும். அப்பா தன் ஐந்து வருடத்தில் அந்தக் கேள்வியைக் கடனிலேயே சமாளித்தார் என்பது அவர் நோட்டைப் பார்த்தபின் தெரிந்தது. 1998-ல் துணிக்கடை பாக்கி, 1999-ல் அம்மாவின் தோடு, 2001 தேர்தலுக்கு வாங்கிய கைமாற்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே அடைத்த தேதி. இரண்டு வரிக்கு மட்டும் தேதி இல்லை. அந்த இரண்டு வீட்டுக்கும் போய்க் கேட்டேன். ஒருவர் வேண்டாம் என்றார். இன்னொருவருக்கு 6,000 கொடுத்துவிட்டு வந்தேன்.

75,000 வாங்கியவரை ஏழெட்டுத் தடவை பார்த்துக் கேட்டபின் 30,000 திரும்பி வந்தது. மீதி வராது. நகையை 2024 பொங்கலுக்குத்தான் மீட்டேன். வீட்டுக்காரர் வண்டியில் வந்து இறங்கி, வங்கிப் பையை மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போனார். பீரோவில் இருந்த சால்வைகளில் கனமானவற்றை வெட்டி ஓரம் தைத்து அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு விரிப்பாகக் கொடுத்தேன். அம்மா ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் மே மாதமே படிவம் 7 வாங்கி அப்பாவின் பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். இறப்புச் சான்றிதழ் நகலை இணைத்து, நீக்கக் கோருபவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினேன். வாங்கிக்கொண்ட அலுவலர் வயதில் சின்னவர். பெயரைப் படித்துவிட்டு, "மேட்டுத்தெருவுக்குக் குழாய் போட்டவரா?" என்று கேட்டார்.